‘2 வட்டி’ என்று எழுதியிருந்தால் என்ன என்ட்ரி போடுவது?

கேள்வி: மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், திண்டுக்கல், தேனி என ஐந்து மண்டல அலுவலகங்கள். மகளிர் குழுக் குடும்பங்களின் வருமானம், கடன், நிலம் பற்றி 4,800 வீடுகளில் கணக்கெடுப்பு நடத்துகிறோம். எட்டுப் பக்கப் படிவம், 60 கேள்விகள், எல்லாம் காகிதத்தில்தான். ஒவ்வொரு அலுவலகமும் தன் வசதிப்படி ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு என்ட்ரி செய்கிறது. இதுவரை 2,300 படிவம் ஏறியிருக்கிறது. தேனி 800இல் 720 முடித்துவிட்டது. ராமநாதபுரத்தில் 1,200இல் 150தான். போன வாரம் ஐந்து ஃபைலையும் ஒன்றாக ஒட்டிப் பார்த்தேன், சேரவே இல்லை. எல்லாப் படிவங்களையும் மதுரைக்கு வரவழைத்து, ஒரு டேட்டா என்ட்ரி சென்டரிடம் படிவத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடலாமா? அல்லது டேப்லெட்டுக்கு மாறிவிடலாமா? கையில் இரண்டு மாதம்தான் இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்:

அன்புள்ள ஒருங்கிணைப்பாளருக்கு, வணக்கம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஐந்து ஃபைல்களையும் திறந்து பார்த்தேன். பெயரையும் போன் நம்பரையும் அழித்துவிட்டு அனுப்பியிருந்தீர்கள், அதற்குத் தனியாக நன்றி. நேராக உங்கள் 34ஆம் கேள்விக்குப் போனேன்: ‘கடனுக்கு வட்டி எவ்வளவு?’ தேனி ஃபைலில் அந்த இடத்தில் 24, 36, 12 என்று வரிசையாக இருக்கிறது. சிவகங்கையில் 2, 3, 12. விருதுநகரில் ‘2 வட்டி’, ‘3 ரூ’. திண்டுக்கல்லில் 0.02. ராமநாதபுரத்தில் பாதிக் கட்டங்கள் காலி.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஊரில் ‘2 வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். அதே படிவத்தில் வங்கியிலிருந்து வாங்கிய குழுக் கடனுக்கு 12 என்று எழுதியிருந்தால் அது வருடக் கணக்கு. தேனியில் உட்கார்ந்திருப்பவர் விவரமானவர். கந்துக் கடன் எது, வங்கிக் கடன் எது என்று முந்தைய கேள்வியைப் பார்த்து, முதலாவதை மட்டும் பன்னிரண்டால் பெருக்கிப் போட்டிருக்கிறார். சிவகங்கைக்காரர் தாளில் இருப்பதை அப்படியே அடித்திருக்கிறார். திண்டுக்கல்லில் யாரோ கணக்குப் படித்தவர் இருக்கிறார். மூவருமே தங்கள் அளவில் சரிதான். ஆனால் மூன்றையும் ஒட்டி சராசரி எடுத்தால் ஏதோ ஒரு எண் வரும். எக்ஸெல் சண்டை போடாது. அந்த எண் அறிக்கையில் ஏறி, தேனி மாவட்டத்தில் கந்துவட்டிக் கொடுமை சிவகங்கையைப் போல் பன்னிரண்டு மடங்கு என்று யாராவது பேசவும் செய்வார்கள்.

உங்கள் சிக்கல் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருக்கிறது. விரலால் தட்டுகிற வேலை ஐந்து ஊரில் நடக்கலாம், தப்பில்லை. ‘இதை என்னவென்று எடுத்துக்கொள்வது’ என்ற முடிவை மட்டும் ஒரே இடத்தில், ஒரே ஆள் எடுக்க வேண்டும். இப்போது உங்களிடம் ஐந்து ஆபரேட்டர்கள் ஐந்து நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். தீர்ப்பை எழுதியும் வைக்கவில்லை.

சரி, மதுரைக்கு வரவழைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பேன். 2005இல் நாகப்பட்டினம் கடற்கரையில் சுனாமிக்குப் பிந்தைய வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்றில் டேட்டா பொறுப்பு என்னிடம் இருந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. படிவங்களை இரண்டு கோணிப் பையில் கட்டி பஸ் பார்சலில் சென்னைக்கு அனுப்பச் சொன்னது நான்தான். ஒரு பை வந்தது, இன்னொன்று வரவில்லை. நான்கு நாள் கழித்து எங்கோ ஒரு டெப்போவில் கிடைத்தது, அது வேறு கதை. அந்த நான்கு நாளில் என்னால் தூங்க முடியாமல் போனதற்குக் காரணம் பை தொலைந்தது மட்டுமில்லை. தொலைந்த பையில் எந்தெந்த ஊர்ப் படிவம், எந்த எண் முதல் எந்த எண் வரை இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. லிஸ்ட் எடுக்காமல் கட்டச் சொன்னவனும் நான்தானே.

இன்னொரு காரணமும் உண்டு. படிவம் எழுதிய கள அலுவலர் அடுத்த மேஜையில் இருந்தால், ‘அக்கா, இது 1ஆ 7ஆ?’ என்று கேட்டுவிடலாம். மதுரை சென்டரில் இருப்பவர் யாரைக் கேட்பார்? படிவத்துக்கு இவ்வளவு என்று காசு பேசிய இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு அன்றைய கூலி போயிற்று. ஊகித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் பேசிய கூலி அப்படி. வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நாள் கூலிக்குப் பேசுங்கள், அவர்களை உங்கள் அலுவலகத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மீதி 2,500 படிவம். எட்டுப் பக்கத்துக்குப் பழகிய கை 12 நிமிடம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 30,000 நிமிடம், அதாவது 500 மணி நேரம். ஒரு ஆள் ஒரு நாளில் உருப்படியாக என்ட்ரி செய்வது ஐந்து மணி நேரம்தான்; எட்டு மணி நேரம் என்று திட்டம் போடுபவர் என்ட்ரி செய்து பார்த்ததில்லை என்று அர்த்தம். ஆக, 100 ஆள்-நாள். ஐந்து பேருக்குச் சமமாகப் பிரித்தால் 20 நாளில் முடிந்துவிடும். ஆனால் சமமாக இல்லையே. ராமநாதபுரத்தில் மட்டும் 1,050 இருக்கிறது. ஒரே ஆள் என்றால் 42 வேலை நாள், உங்கள் இரண்டு மாதமும் அதிலேயே கரைந்துவிடும். தேனியில் இன்னும் 80தான் பாக்கி. அதாவது மூன்று, நான்கு நாள் வேலை. அது முடிந்ததும் அந்த ஆபரேட்டரைப் படியும் தங்கும் செலவும் கொடுத்து ராமநாதபுரத்துக்கு அனுப்புங்கள். தாளை நகர்த்துவதைவிட ஆளை நகர்த்துவது மலிவு. இரண்டு பேர் உட்கார்ந்தால் 21 நாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் கரண்டை நிறுத்துகிற நாளையும் சேர்த்து 25 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் எல்லா அலுவலகத்திலும் மூன்று நாள் என்ட்ரியை நிறுத்துங்கள். உங்கள் இயக்குநருக்கு இது பிடிக்காது, ஆனாலும் நிறுத்துங்கள். இப்போதிருக்கும் ஐந்து ஃபைலையும் தேதி போட்டுப் பிரதியெடுத்து, யாரும் தொட முடியாத இடத்தில் வையுங்கள். விருதுநகரிலிருந்து வந்ததன் பெயர் ‘பைனல் நியூ 2’ என்று இருக்கிறது. பைனல் நியூ 1 எங்கே, அதில் மட்டும் இருந்து இதில் இல்லாத வரி ஏதும் உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

பிறகு எண்ணுங்கள். கணினியில் உள்ள வரிகளை எண்ணுவது இரண்டு நிமிடம். மேஜையில் உள்ள தாளை எண்ணுவதுதான் வேலை. தேனி ஃபைலில் 720 வரி இருக்கிறது. என்ட்ரி ஆன படிவம் என்று கட்டி வைத்திருப்பது 720தானா? 714 இருந்தால் ஆறு படிவம் இரண்டு முறை ஏறியிருக்கலாம். 731 இருந்தால் பதினொன்று ஏறவேயில்லை. இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்காமல் ஃபைல் வாங்குவது எவ்வளவு பெரிய இடத்தையும் கவிழ்க்கும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் என்ன ஆயிற்று? கோவிட் பரிசோதனை முடிவுகளை ஆய்வகங்கள் அனுப்ப, பொது சுகாதாரத் துறை பழைய எக்ஸெல் வடிவத்தில் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த வடிவம் 65,536 வரிக்கு மேல் வாங்காது. மேற்கொண்டு வந்தவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. 15,841 நோயாளிகள் கணக்கிலிருந்து விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களுக்கும் தகவல் போகவில்லை. அனுப்பியது எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை என்று தினமும் ஒரு வரி எழுதியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

அடுத்தது படிவ எண். ஐந்து அலுவலகமும் 1இலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். ஆக உங்களிடம் ஐந்து ‘37ஆம் நம்பர்’ படிவம் இருக்கிறது. ஒட்டியபோது சேராமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான். ராமநாதபுரம் 1, சிவகங்கை 2, விருதுநகர் 3, திண்டுக்கல் 4, தேனி 5 என்று வைத்து முன்னால் சேருங்கள். தேனியின் 37 இனி 50037. ஏற்கெனவே ஏறியதையும் இப்படி மாற்றிக்கொள்ளலாம், தாளைத் தேட வேண்டியதில்லை.

இதோடு கடைசியில் ஒரு சோதனை இலக்கமும் சேர்த்துவிட்டால் பெரிய தலைவலி ஒன்று தீரும். ஆபரேட்டர் அதிகம் செய்யும் தப்பு இரண்டு: ஓர் இலக்கத்தை மாற்றி அடிப்பது, பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடிப்பது. சிவகங்கையின் 418ஆவது படிவம் 20418 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 12, 0, 16, 3, 16, மொத்தம் 47. பதினொன்றால் வகுத்தால் மீதி 3. பதினொன்றில் 3 போனால் 8. எனவே படிவத்தில் 20418-8 என்று இருக்கும். யாராவது 20481-8 என்று அடித்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12, 0, 16, 24, 2, மொத்தம் 54, மீதி 10, சோதனை இலக்கம் 1 வர வேண்டும். 8 என்று இருப்பதால் கணினி அங்கேயே நிறுத்திவிடும். மீதியே வராவிட்டால் 0 போடுங்கள். மீதி 1 வந்தால் விடை 10 ஆகிவிடும், ஒரே இலக்கத்தில் அடங்காது. புதிதாக ஒட்டும் படிவங்களில் அந்த எண்ணையே விட்டுவிடுங்கள், ஏற்கெனவே ஏறியவற்றில் 10 என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் முறை வேறு. 1969இல் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் வகுத்தது. உங்களுக்கு இந்த எளிய முறை போதும்.

அச்சகத்தில் பில் புக்குக்கு நம்பர் அடிக்கும் மெஷின் வரிசை எண்ணை மட்டும்தான் அடிக்கும், இந்த இலக்கத்தைப் போடாது. அதனால் எக்ஸெல்லில் கணக்கிட்டு ஏ4 லேபிள் ஷீட்டில் அச்சடித்து ஒட்டுவதுதான் வழி. முதல் பக்கத்தில் மட்டும் ஒட்டாதீர்கள். ஸ்டேப்ளர் பின் கழன்ற எட்டுப் பக்கப் படிவத்தின் ஐந்தாம் பக்கம் யாருடையது என்று தேடுவது பாவம். ஒரு படிவத்துக்கு நான்கு தாள், நான்கிலும் ஒட்டுங்கள்.

எண் ஒட்டிய படிவங்களை 25, 25 ஆகக் கட்டுங்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டு: எந்த எண் முதல் எது வரை, யார் களத்தில் எடுத்தது, அலுவலகத்துக்கு வந்த தேதி, என்ட்ரி போட்டவர், சரிபார்த்தவர், கையெழுத்து. பழைய காலத்து பஸ் கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் புக்கின் முடிவு எண்ணை இன்வாய்ஸில் எழுதுவாரே, அதே ஒழுங்குதான். கிழிந்த டிக்கெட்டுக்கும் அவர் கணக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அப்படியே: வீடு பூட்டியிருந்தது, பாதியில் எழுந்துவிட்டார்கள், டீ கொட்டிவிட்டது என்று கேன்சலான படிவமும் கட்டில் இருக்க வேண்டும், ‘கேன்சல்’ என்று என்ட்ரியும் ஆக வேண்டும். அப்போதுதான் விடுபட்ட எண்ணைப் பார்த்து யாரும் மண்டையை உடைக்க வேண்டியிருக்காது.

இப்போது வட்டிக்குத் திரும்புகிறேன். ஆபரேட்டருக்கு ஒரே விதி: தாளில் இருப்பதை அடி, கணக்குப் போடாதே. அதற்குத் தோதாக என்ட்ரித் திரையை நீங்கள் அமைத்துத் தர வேண்டும். 34ஆம் கேள்விக்கு ஒரு கட்டத்துக்குப் பதில் இரண்டு: எண் ஒரு கட்டம், மாதத்துக்கா, வருடத்துக்கா, தெரியவில்லையா என்பது இன்னொரு கட்டம். பெருக்குவதைக் கடைசியில் நீங்கள் மதுரையில் ஒரே சூத்திரத்தில் செய்துகொள்ளலாம். தப்பு வந்தாலும் ஒரே இடத்தில் திருத்தலாம். நிலமும் இப்படித்தான். ஏக்கர், சென்ட் என்றால் பரவாயில்லை, நூறு சென்ட் ஒரு ஏக்கர். கரிசல் காட்டுப் பக்கம் ‘குறுக்கம்’ என்பார்கள், வேறு இடத்தில் ‘குழி’ என்பார்கள். ஊருக்கு ஊர் அளவு மாறும். ‘3 குழி’ என்று தாளில் இருந்தால் 3 ஒரு கட்டத்தில், குழி என்பதற்கான கோடு, அதாவது குறியீட்டு எண், இன்னொன்றில். எந்த ஊர்க் குழி என்பதைப் பிறகு அந்த ஊர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். இப்போதே ஆபரேட்டர் சென்ட்டாக மாற்றிவிட்டால் அந்தக் குழி திரும்பக் கிடைக்காது.

காலியான கட்டம் பற்றியும் கறாராக இருங்கள். கடன் இல்லை என்பது 0. தெரியாது என்றார்கள் என்பது வேறு. கேட்க மறந்துவிட்டார்கள் என்பது வேறு. அந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது என்பது இன்னும் வேறு. ராமநாதபுரத்தின் காலிக் கட்டங்கள் இந்த நான்கில் எதுவோ, இன்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனி கோடு கொடுங்கள். 99 போன்றவற்றைத் தவிர்த்து, நிஜ விடையாக வரவே முடியாத எதிர்மறை எண்களாக வையுங்கள். 99 வயதுப் பாட்டிகள் நம் ஊரில் உண்டு.

எந்தக் கோடுக்குள்ளும் வராதது தினமும் வந்துகொண்டேயிருக்கும். ‘மாத வருமானம்: 8 முதல் 10 ஆயிரம், மழை பெய்தால்’ என்று எழுதியிருப்பார்கள். அதற்காக ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சந்தேக நோட்டு இருக்கட்டும். படிவ எண், கேள்வி எண், தாளில் இருப்பது. அந்தக் கேள்விக்கு ‘சந்தேகம்’ என்ற கோடு போட்டுவிட்டு ஆபரேட்டர் அடுத்ததற்குப் போய்விடுவார். மாலை நாலரை மணிக்கு ஐந்து நோட்டும் உங்களுக்கு வர வேண்டும். நீங்கள் முடிவு சொல்கிறீர்கள், அதற்கு எண்ணும் தேதியும் போடுகிறீர்கள், ஐந்து அலுவலகத்துக்கும் போகிறது. வாட்ஸ்ஆப் குழு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாய்ஸ் மெசேஜில் முடிவு சொல்லாதீர்கள். மூன்று வாரம் கழித்து ‘மழை பெய்தால்’ பற்றி என்ன சொன்னோம் என்று நாற்பது வாய்ஸ் மெசேஜைக் கேட்டுப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு, அதில் பாதியில் சேவல் கூவியது. முதல் வாரம் ஒரு நாளைக்கு முப்பது சந்தேகம் வரும். மூன்றாவது வாரம் மூன்று வரும். ஒரு அலுவலகத்திலிருந்து சந்தேகமே வரவில்லை என்றால் அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அந்தக் குழுவில் படிவத்தின் போட்டோவும் போகக் கூடாது, குறிப்பாகப் பெயர் இருக்கும் முதல் பக்கம். யாருக்கு எவ்வளவு கந்துக் கடன் என்பது ஊருக்குள் பரவினால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், காகிதத்தில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றுகிற விவரத்தைத் தன் வரம்புக்குள் சேர்த்தே வைத்திருக்கிறது. பெயர், போன், முகவரி தனி ஃபைல். மற்ற 57 கேள்விகள் தனி ஃபைல். இரண்டையும் இணைப்பது படிவ எண் மட்டும். படிவத்தின் மேல் மூலையில் ஆதார் எண்ணுக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள். எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். யாருக்கும் காரணம் தெரியாவிட்டால் அதை என்ட்ரி செய்யாதீர்கள்.

மென்பொருள்? என்ட்ரிக்கு எக்ஸெல் வேண்டாம். உங்கள் ஃபைல்களிலேயே காரணங்கள் இருக்கின்றன. திண்டுக்கல் ஃபைலில் தேதிகள் சில கட்டத்தின் வலது ஓரத்திலும் சில இடது ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தீர்களா? அந்தக் கணினி அமெரிக்க முறையில், மாதம் முதலில் என்று அமைந்திருக்கிறது. 25/04 என்று அடித்தால் 25ஆவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒதுக்கிவிட்டது. 03/04 என்று அடித்ததை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு வலப்பக்கம் வைத்துவிட்டது. இடப்பக்கம் இருப்பவை பாதுகாப்பானவை, வலப்பக்கம் இருப்பவைதான் கெட்டுப்போனவை. வங்கிக் கணக்கு எண் 16 இலக்கம் என்றால் எக்ஸெல் 15க்கு மேல் நினைவில் வைக்காது, கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். இதெல்லாவற்றையும்விடப் பயங்கரம், ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவது. முருகாயியின் கடன் பாண்டியம்மாள் தலையில் போய் உட்காரும், எந்த அடையாளமும் இருக்காது.

உங்களுக்கு கோபோ டூல்பாக்ஸ் பொருந்தும் என்று நினைக்கிறேன். கள ஆய்வுக்காகச் செய்ததுதான்; ஆனால் அதன் வெப் ஃபார்மை அலுவலகக் கணினியில் திறந்து, தாளைப் பார்த்து என்ட்ரி போடவும் பயன்படுத்தலாம். ஒரே படிவம் ஐந்து அலுவலகத்திலும் தெரியும், நெட் இல்லாதபோது பிரவுசரிலேயே சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும், வயதுக்கு வரம்பு வைத்துவிட்டால் 180 என்று அடிப்பதை ஏற்காது. கட்டணமில்லாத கணக்கே கிடைக்கிறது. இதைவிடக் கட்டுக்கோப்பாக வேண்டுமென்றால் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை உருவாக்கிய சிஎஸ்புரோ இருக்கிறது. அதுவும் இலவசம், ஒரே படிவத்தை இரண்டு பேர் தனித்தனியே அடித்து ஒப்பிடும் வசதி அதிலேயே உண்டு. ஆனால் கற்றுக்கொள்ள ஆள் வேண்டும், உங்கள் இரண்டு மாதத்துக்குள் அதைத் தொடங்க வேண்டாம்.

ஊர்ப் பெயரை யாரும் டைப் செய்யவே கூடாது. திருவாடானையை உங்கள் ஃபைலில் ஆறு விதமாகப் பார்த்தேன். பட்டியலிலிருந்து தேர்வு செய்யட்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கக் கோடு இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். விருதுநகரில் ஆட்களின் பெயரை பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், தேடினாலும் கிடைக்காது. மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரே நாளில் மாற்றிவிடலாம். இனிமேல் யுனிகோடு மட்டும். தமிழ்நாடு அரசே 2010இல் அதை ஏற்றுக்கொண்டாயிற்று, நாம் இன்னும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

ஏறிய 2,300ஐ என்ன செய்வது என்பதுதான் உங்களை உறுத்திக்கொண்டிருக்கும். தூக்கிப் போட வேண்டாம், கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். ஒவ்வொரு அலுவலகத்திலும் 40 படிவத்தைக் குலுக்கல் முறையில் எடுங்கள். மேல் கட்டிலிருந்து 40 என்று எடுத்தால் பயனில்லை; அது ஆபரேட்டர் புதிதாக இருந்தபோது போட்டதாக இருக்கும், அல்லது நேற்று அவசரத்தில் போட்டதாக இருக்கும். அடித்தவர் தவிர வேறொருவர் தாளையும் திரையையும் வரி வரியாக ஒப்பிடட்டும். 40 படிவம், 60 கேள்வி, ஆக 2,400 பதில்கள். அதில் 24 தப்பு என்றால் நூற்றுக்கு ஒன்று. என் கைக்கணக்கில் அதுதான் எல்லை. அதற்குக் கீழே இருந்தால் அந்த ஃபைலை வைத்துக்கொண்டு வட்டி, நிலம், காலிக் கட்டம் ஆகிய கேள்விகளை மட்டும் தாளைப் பார்த்துத் திரும்ப அடியுங்கள். மேலே போனால் முழுவதும் மறுபடி. ராமநாதபுரத்தின் 150ஐச் சோதிக்கவே வேண்டாம், நேராக மறுபடி போட்டுவிடுங்கள். அதையும் சேர்த்து 1,200 படிவம், இரண்டு பேருக்கு 24 நாள். மேலே எழுதிக்கொண்ட 25ஐ 28 ஆக்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக ஏறுவதில் பத்துக்கு ஒன்றை இரண்டாவது ஆள் முதலாமவர் போட்டதைப் பார்க்காமல் மறுபடி அடிக்க வேண்டும். கோபோவில் அதே படிவத்தின் நகல் ஒன்றை ‘இரண்டாம் என்ட்ரி’ என்று வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை இரண்டையும் இறக்கி ஒப்பிட்டுக்கொள்ளலாம். வித்தியாசம் வந்த இடத்தில் இருவரில் யார் சொல்வது சரி என்று வாதாடாமல் தாளை எடுத்துப் பாருங்கள். ஒப்பிடும்போது ஆபரேட்டர் தப்பு மட்டும் தெரியாது. ஒரு கள அலுவலரின் படிவங்களில் எல்லோருக்கும் 30, 35, 40 என்றே வயது இருந்தால் அவர் கேட்டு எழுதவில்லை, முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

டேப்லெட் இந்தச் சுற்றுக்கு வேண்டாம். பாதிப் பேரைத் தாளிலும் மீதிப் பேரைத் திரையிலும் கேட்டால், வந்த வித்தியாசம் ஊரால் வந்ததா கருவியால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அடுத்த சுற்றுக்குத் தாராளமாக மாறுங்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே 2015-16இல் நடந்த நான்காம் சுற்றில்தான் காகிதத்தை விட்டது. ஸ்கேன் செய்தால் கணினியே படித்துவிடும் என்றும் யாராவது உங்கள் இயக்குநரிடம் சொல்லுவார்கள். 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அப்படித்தான் படித்தார்கள். அந்தப் படிவத்தில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனிக் கட்டம் அச்சடித்து, எப்படி எழுத வேண்டும் என்று பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். உங்கள் படிவத்தில் ‘மழை பெய்தால்’ என்று ஓரத்தில் சாய்த்து எழுதியிருப்பதை எந்த மெஷின் படிக்கும்?

ஒன்றைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். தேனிக்காரரை ராமநாதபுரத்துக்கு அனுப்பும்போது ‘நீ போட்டது தப்பு, அங்கே போய் ஒழுங்காகப் போடு’ என்ற தொனி வந்துவிடக் கூடாது. வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கத் தெரிந்த ஒரே ஆபரேட்டர் அவர். 34ஆம் கேள்விக்கான விதியை அவரை வைத்தே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மீட்டர் வட்டிக்கு அவர் என்ன கோடு வைக்கிறார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.